பலகையை வெட்டுமுன் விளிம்பை முடிவு செய்யுங்கள்

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தங்கள் வீட்டு மேசையைத் தாங்களே செய்துகொள்ளப் புறப்பட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும்,



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் நம் புளோக்குகளின் மின்தூக்கிகளில் பலகைகள் ஏறத் தொடங்கிவிடும். ஜனவரியில் பிள்ளை தொடக்கநிலை ஐந்துக்கோ ஆறுக்கோ போகும். தனியாக உட்கார்ந்து படிக்க அதற்கொரு மேசை வேண்டும். இந்தப் பக்கத்துத் திடலில் ஓடிய பந்தயக் குதிரைகள் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டன. பந்தயம் மட்டும் போகவில்லை. பிஎஸ்எல்இ தேர்வு என்ற பெயரில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் முடக்கம் தொடங்கி, ஒரே சாப்பாட்டு மேசையில் அப்பாவின் அலுவலகமும் மகளின் வகுப்பும் சேர்ந்து நடந்த நாள்களையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் படுக்கையறைச் சுவரோரம் சொந்தமாக ஒரு பலகையைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் கூடியது.

நல்ல வழக்கம். மூவறை வீட்டில் அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே 107 சென்டிமீட்டர் இடம் இருக்கும். கடையில் கிடைக்கும் மேசையோ 100, இல்லாவிட்டால் 120. நீங்களே செய்தால் இடத்துக்கு மேசை பொருந்தும், மேசைக்காக அலமாரியை நகர்த்த வேண்டியதில்லை.

நான் முன்பு சுங்கை காடுட்டில் ஒரு மரவேலைப் பட்டறையில், விளிம்புப் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங் இயந்திரத்தின் முன்னால் நின்றவன். அது தெரிந்ததால் அக்கம்பக்கத்தில் பலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். எந்தப் பலகை, எத்தனை கால், இரும்பா மரமா, என்ன நிறம் என்று கேட்பார்கள். விளிம்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எல்லாம் முடிந்து, மேசையைச் சுவரோரம் நிறுத்திய பிறகு, "ஓரம் கொஞ்சம் அசிங்கமா தெரியுது, எதாச்சும் ஒட்டலாமா?" என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த நேரத்தில் நான் சொல்லக்கூடிய பதில் பாதிதான். மீதியைப் பலகை வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஓவன் ரோட்டிலோ டோர்செட் ரோட்டிலோ எந்த புளோக்குக்கும் கீழே, பழைய சாமான்களைப் போட்டு வைக்கும் இடத்தில் கிடக்கும் மேசைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நடுப்பலகை பளபளவென்று இருக்கும். முன்விளிம்பில் நாற்காலி வரும் இடத்தில் பட்டை பிரிந்திருக்கும். பிரிந்த இடத்தில் மரத்தூள் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதியிருக்கும். அந்த மேசை வீதிக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சுற்றளவில் ஒரு கை அகலம் கெட்டுப்போனதால் முழு மேசையும் போயிற்று.

எட்ஜிங் என்பது அழகுக்கு ஒட்டும் நாடா என்று நினைத்துத்தான் கடைசிக்குத் தள்ளுகிறோம். அது செய்யும் வேலை வேறு.

முதலில் கை. மேசையில் எழுதும் பிள்ளை நடுப்பலகையை எங்கே தொடுகிறது? இரண்டு முன்கைகளையும் முன்விளிம்பில்தான் மணிக்கணக்காக வைத்திருக்கிறது. ரம்பம் அறுத்துவிட்ட விளிம்பு சரியாகத் தொண்ணூறு டிகிரி; அதன்மேல் அரை மில்லிமீட்டர் பட்டையை ஒட்டினாலும் அதே தொண்ணூறுதான். இரவு படிப்பு முடிந்ததும் பிள்ளையின் முன்கையைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். முழங்கையை ஊன்றிக்கொண்டு கைப்பேசி பார்க்கிறவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு. முழங்கையின் பின்புறம் தோலுக்கு அருகிலேயே ஓடும் அல்னார் நரம்பு அழுந்துவதால் வருவது அது.

ஐரோப்பாவில் அலுவலக மேசைகளுக்கென்று இ.என் 527 என்ற தரநிலை இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் உடம்பு படும் விளிம்பு குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல அலுவலக மேசைகளில் 2 மி.மீ. கனத்தில் பட்டை ஒட்டுவது இதனால்தான். அந்தக் கனம் இருந்தால்தான் அந்த அளவுக்கு உருட்ட முடியும். 0.4 மி.மீ. பட்டையை உருட்டப் போனால் பட்டை தேய்ந்து பலகை வெளியே வரும்.

அடுத்தது ஈரம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியுமுன் பல நாள்களில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அதோடு நம் படுக்கையறைகளில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடுகிறது, பகலில் சன்னலைத் திறந்து விடுகிறோம். பலகை ஒவ்வொரு நாளும் காய்ந்து, மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மேலும் கீழும் மெலமைன் தாள் ஒட்டியிருப்பதால் அந்த வழியாக ஈரம் எளிதில் நுழையாது. நுழையும் வழி விளிம்பு ஒன்றுதான். ஐஸ் மைலோ கிளாஸ் வியர்த்து வழியும் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்: மேசையின் ஓரத்தில், பட்டையும் பலகையும் சந்திக்கும் மயிரிழைக் கோட்டில்.

சிப்போர்டு ஊதினால் ஏன் திரும்ப அடங்குவதில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிராய்களையும் தூளையும் பசையோடு கலந்து, சூட்டில் அழுத்தி, இருந்ததைவிட மிகவும் மெலிதாக்கித்தான் அந்தப் பலகையைச் செய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அழுத்தி வைத்த சிராய் தன் பழைய உருவத்துக்குப் போக முயல்கிறது. நடுவில் இருந்த பசை விட்டுப்போகிறது. காய வைத்தால் தண்ணீர் போகும், விட்டுப்போன பசை திரும்பாது. எம்டிஎஃப் பலகைக்கும் ஏறத்தாழ இதே கதிதான். பிளைவுட் கொஞ்சம் தாங்கும்; அதுவும் விளிம்பு திறந்தே கிடந்தால் அடுக்கு அடுக்காக வாய் பிளக்கும்.

மூன்றாவது, பலர் யோசிக்காதது: வாயு. இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றைப் பிணைத்திருப்பது யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைட் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும்; வெக்கையும் ஈரமும் கூடினால் அதுவும் கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிங்கப்பூரில் 2026 ஜனவரி முதல், இந்த வேதிப்பொருள் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ கலந்த உட்புறச் சாயங்களுக்குத் தடை. சாயத்துக்கு இவ்வளவு கவனம் கொடுக்கிறவர்கள் பலகையின் அறுத்த விளிம்பைத் திறந்தே போட்டுவிடுகிறோம். மூடிய பரப்பைவிட அறுத்த விளிம்பிலிருந்துதான் வாயு அதிகம் வரும். அதனால் சுவரை ஒட்டி நிற்கும், யார் கண்ணுக்கும் தெரியாத பின்விளிம்பையும் மூட வேண்டும். வயர் போக நீங்கள் போடும் வட்டத் துளையின் உள்சுவரையும் மூட வேண்டும். அங்கே பட்டை ஒட்ட முடியாது, வார்னிஷை இரண்டு மூன்று பூச்சு பூசுங்கள். இ1 வகைப் பலகையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஃபார்மால்டிஹைட் 0.124 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த வகைக்கு ஐரோப்பியர்கள் வைத்த அளவு. விளம்பரத்தில் வரும் 'இ ஜீரோ'வுக்கு என்ன சான்று என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, என்ன வாங்குவது?

நம் பக்கத்திலிருந்து கிச்சனர் ரோடு வழியாக நடந்தால் ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடைகள். அங்கேயோ இணையக் கடைகளிலோ முதலில் கண்ணில் படுவது இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் மெலமைன் தாள் பட்டை. பின்புறம் பசை ஏற்கெனவே பூசியிருக்கும். விலை மலிவு, யாராலும் ஒட்ட முடியும், சுருளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் வந்துவிடலாம். இதற்கு நான் எதிரியல்ல. புத்தக அலமாரியின் தட்டுக்கும், மேசையின் பின்விளிம்புக்கும் இது போதும். முன்விளிம்புக்கு மட்டும் வேண்டாம். இது தாள்தான். கைக்கடிகாரத்தின் வாரும் நாற்காலியின் கைப்பிடியும் தினமும் உரசினால் ஆண்டு திரும்புமுன் வெள்ளை தெரியும். மேற்கு பார்த்த சன்னலோரம் மேசை இருந்தால் மாலை வெயிலில் மலிவான பசை இளகி, மூலையிலிருந்து பட்டை எழும்ப ஆரம்பிக்கும். எழும்பிய மூலையைப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? நகத்தால் உரித்துக்கொண்டேதான் கணக்குப் போடுவார்கள்.

பிவிசி பட்டை இதைவிட எவ்வளவோ மேல். 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை வாங்கி, மேலும் கீழும் மிஞ்சுவதைச் சீவிவிட வேண்டும். பட்டறையில் இதை இயந்திரம் செய்கிறது. பசைத் தொட்டி 200 டிகிரிக்கு அருகில் கொதித்துக்கொண்டிருக்கும். பலகை ஓடும்போதே பசை பூசி, உருளையால் அழுத்தி, முனையை வெட்டி, மேல்கீழ் சீவி, மெருகேற்றி வெளியே தள்ளும். சீவிய பட்டைகள் இடியாப்பமாய்க் காலடியில் குவியும். வீட்டில் இந்த அழுத்தமும் சூடும் கிடையாது. 2 மி.மீ. பிவிசியை வீட்டில் கான்டாக்ட் பசையால் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்விளிம்பில் நன்றாகவே நிற்கும், மூலை வளைவில் திமிறும். பலகையை வெட்டித் தரும் கடையிலேயே கூடுதல் காசு கொடுத்து இயந்திரத்தில் ஒட்டி வாங்குவதுதான் புத்தி. பியுஆர் பசையில் ஒட்டித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரணப் பசையை விட அது ஈரத்தையும் சூட்டையும் அதிகம் தாங்கும். கிடைக்குமென்றால் பிவிசிக்குப் பதில் ஏபிஎஸ் பட்டை கேளுங்கள். அதில் குளோரின் இல்லை. நாம் வீசும் மேசை எரியாலைக்குத்தான் போகிறது, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. எரிக்கப்போகும் பொருளில் குளோரின் எதற்கு?

அலுமினியப் பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களின் அமெரிக்கச் சமையலறை மேசைகளில் ஃபார்மைக்காவைச் சுற்றி வரிவரியாக உலோக ஓரம் வரும். பார்க்க அழகு, அதைப் பார்த்துத்தான் இங்கேயும் சில இளம் தம்பதிகள் கேட்கிறார்கள். உணவு மேசைக்குச் சரி. குளிர்சாதன அறையில் இரவு பத்து மணிக்கு அதன்மேல் கையை வைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். விளிம்பில் பள்ளம் கீறி உள்ளே தட்டி ஏற்றும் டி வடிவப் பட்டைக்கு ரூட்டரும் அதற்கான வெட்டுக் கத்தியும் வேண்டும். அவை கைவசம் இருப்பவர்களுக்கு என் மடல் தேவையில்லை.

பிர்ச் பிளைவுட் வாங்கியவர்கள் மட்டும் எதையும் ஒட்ட வேண்டாம். அதன் அடுக்குகள் மெலிதாக, நெருக்கமாக, ஓட்டையில்லாமல் இருக்கும். அந்த வரிகளே அழகு. 3 மி.மீ. அளவுக்கு உருட்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்தால் போதும். நம் பக்கத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெப்பமண்டலப் பிளைவுட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். உள்ளே பொந்து இருக்கும், சிலாம்பு கையில் ஏறும்.

இனி நான் பரிந்துரைக்கும் பொருளுக்கு வருகிறேன். முன்விளிம்புக்கு மரம். கட்டை மரத்தில் அறுத்த, 10 முதல் 12 மி.மீ. கனமுள்ள சட்டம். ஊரில் நம் ஆசாரிகள் தேக்கு ரீப்பரைப் பெவிகால் தடவி வைத்து, தலை தட்டிய சிற்றாணியால் அடிப்பார்கள், பீடிங் என்பார்கள். இங்கே பட்டறையில் லிப்பிங் என்றால் புரியும். இதை ஒட்டிவிட்டால் விளிம்பு உங்கள் கையில். 3 மி.மீ. உருட்டலாம், 6 மி.மீ. உருட்டலாம், அடியில் சாய்வாகச் சீவி மேசையை மெலிதாகக் காட்டலாம். பத்து வருடம் கழித்துக் கீறல் விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக்கலாம். பிவிசியில் விழுந்த கீறலை ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஈரத்தில் மரம் உப்பிச் சுருங்காதா என்று கேட்பீர்கள். மரம் குறுக்குவாட்டில்தான் அசையும். நார் ஓடும் திசையில், அதாவது நீளவாட்டில், அசைவு அற்பம். 12 மி.மீ. கனத்தில் குறுக்கு அசைவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பிளைவுட்டோடு ஒட்டிய லிப்பிங் இந்த ஊரில் காலகாலமாக நின்றுவருகிறது. பழைய பள்ளிக்கூட மேசையோ அலுவலக மேசையோ கிடைத்தால் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள், லிப்பிங் இருக்கும்.

எந்த மரம்? தேக்கு வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் லிப்பிங்குக்குப் பழகிய மரம் நியாத்தோ. செம்மண் நிறம், மென்மையான நார், சீவினால் படியும். பாலாக்கியம் போன்ற மரங்களை இந்தப் பெயரில் விற்கிறார்கள். நம் இலுப்பையின் குடும்பம்தான். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்ட கட்டாபெர்ச்சா பால் வந்ததும் இதே பாலாக்கியம் இனத்து மரத்திலிருந்துதான்; அந்த வணிகத்துக்குச் சிங்கப்பூர்தான் பெரிய சந்தை. தேக்கில்லா மேசைக்கு நியாத்தோ இலுப்பைப்பூ என்று இங்கே கேலி செய்யலாம். ஆனால் மேசை விளிம்பைப் பொறுத்தவரை இரண்டாவது தேர்வு என்று அதைச் சொல்ல மாட்டேன். வெளிறிய ரமின் சட்டம் பழைய கடைகளில் கிடந்தால் யோசித்து வாங்குங்கள். அளவுக்கு மீறி வெட்டியதால் 2005 முதல் அந்த மரம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

என் சொந்த விருப்பம் ரப்பர் மரம். இதில் எனக்குக் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் நம் பூமலைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் பூமலையின் இயக்குநர் ரிட்லி வகுத்தார். அதன்பிறகு மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் பல வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ பால் சுமந்த காண்டா வாளியைத் தூக்கியவர்கள்தான். இருபத்தைந்து முப்பது வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி விறகாக எரித்தார்கள். 1980களில்தான் அதை நாற்காலி மேசையாக்கி ஏற்றுமதி செய்யும் தொழில் மலேசியாவில் பெருகியது. ஜொகூரின் மூவார் அதற்குப் பேர்போன ஊர். நிறம் வெளிர்மஞ்சள், சாயம் பிடிக்கும், ஆணி தாங்கும், பால் முடிந்த மரத்தையே வெட்டுவதால் காட்டுக்கும் சேதமில்லை. ஒரே ஒரு குறை: இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், பதப்படுத்தாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் விடாது. போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்திய மரமா என்று கேட்டு வாங்குங்கள். யாரோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பச்சை மரத்தை நம்பாதீர்கள்.

ஒட்டும் முறை கடினமில்லை. வெள்ளைப் பசை போதும். வச்சிரம் காய்ச்சி ஒட்டிய காலமல்ல இது. அந்தப் பசை நம் ஈரத்தில் இளகும், இப்போது வருவது அவ்வளவு எளிதில் இளகாது. வாசல் நடையில் வைத்து வேலை செய்வதானால் 1.2 மீட்டர் வழி விட்டுவிடுங்கள். குடிமைத் தற்காப்புப் படை கேட்கும் அளவு அது.

சட்டத்தின் அகலம் பலகையின் கனத்தைவிட இரண்டு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்: 18 மி.மீ. பலகைக்கு 20. பசையைப் பலகை விளிம்பில் பூசுங்கள். அறுத்த விளிம்பு முதல் பூச்சைக் குடித்துவிடும், சில நிமிடம் பொறுத்து இன்னொரு முறை பூசுங்கள். சட்டத்தை வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு மி.மீ. துருத்தும்படி சரிசெய்யுங்கள். நீண்ட கிளாம்ப் யார் வீட்டிலும் இருக்காது; ஓவியர்கள் ஒட்டும் தாள் நாடாவைப் பலகையின் மேல்பரப்பில் ஒட்டி, நன்றாக இழுத்து, சட்டத்தைச் சுற்றி அடிப்பரப்பில் ஒட்டுங்கள். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்று. கோடு நெடுகப் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கினால் அழுத்தம் சரி. பிதுங்காத இடத்தில் இன்னொரு நாடா. பிதுங்கியதை ஈரத்துணியால் அப்போதே துடையுங்கள், காய்ந்தால் சாயம் ஏறாது. இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் துருத்திய ஒரு மி.மீ.யைச் சிறு இழைப்புளியால் சீவுங்கள். பலகையின் மேல்தாள் கீறாமலிருக்க ஒரு பழைய அட்டையை அதன்மேல் ஒட்டிக்கொண்டு, அட்டை மட்டம் வரை சீவி, மீதியை உப்புத்தாளிடம் விடுங்கள். 120, 180, 240. உருட்டுவதற்கும் இழைப்புளியே போதும்: மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் ஒருமுறை, அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு முறை, பிறகு உப்புத்தாளை உள்ளங்கையில் மடித்துப் பிடித்து நீளவாட்டில் இழுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்கையை வைத்துப் பாருங்கள். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

ரூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். அதன் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும். வீவக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி இல்லை. மேசை செய்வது புதுப்பிப்பு வேலையா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சட்டம் பேசாதீர்கள். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைப் பையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பக்க விளிம்புகளை முதலில் முடித்துவிட்டு முன்விளிம்பைக் கடைசியில் ஒட்டுங்கள். அப்போது பக்கப் பட்டையின் முனை சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கையில் தட்டுப்படாது. பிள்ளை ஓடி விளையாடும் அறை என்றால் முன்பக்க மூலைகள் இரண்டையும் கூர்மையாக விடாதீர்கள். சிறு குழந்தையின் நெற்றி சரியாக அந்த உயரத்தில்தான் வருகிறது. சட்டம் 12 மி.மீ. கனம் இருந்தால் மூலையை 10 மி.மீ. ஆரத்துக்கு அரத்தால் உருட்டலாம். மெலமைன் தாளில் அது நடக்காது.

கணினித் திரையை மேசை விளிம்பில் திருகி மாட்டும் கையில் பொருத்தப் போகிறீர்களா? அப்படியானால் பின்விளிம்புக்கும் மரமே போடுங்கள். திருகு அழுத்தும் இடத்தில் மேலும் கீழும் ஒரு தகடு வையுங்கள். திரையின் எடை முழுவதும் உள்ளங்கையளவு இடத்தில் இறங்குகிறது. வெறும் சிப்போர்டு விளிம்பு அங்கே நொறுங்கும்.

பக்க விளிம்புக்கு 1 மி.மீ. பிவிசியோ ஏபிஎஸ்ஸோ, பின்விளிம்புக்கு இஸ்திரிப் பட்டை, முன்விளிம்புக்கு உருட்டிய ரப்பர் மரமோ நியாத்தோவோ: நான் செய்வது இப்படித்தான். நான்கு பக்கமும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிறம் அச்சாகப் பொருந்தவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளை மேசைக்கு மரநிற விளிம்பு, தெரிந்தே செய்ததாகத்தான் தெரியும். வெள்ளைக்கு ஒரு சாயல் மாறிய வெள்ளைப் பட்டைதான் தப்பாகத் தெரியும்.

கடைக்காரரிடம் பலகையை வெட்டச் சொல்லும்போது இதை மறக்காதீர்கள். மேசையின் ஆழம் 600 மி.மீ. வேண்டும், முன்னால் 12 மி.மீ. லிப்பிங் வரும் என்றால், பலகை 588. பக்கங்களுக்கு 1 மி.மீ. பட்டை வருமானால் நீளத்தில் இரண்டு கழியுங்கள். ரம்பப் பல் தின்னும் 3 மி.மீ.யையும் நினைவில் வைத்துக்கொண்டு, நான்குக்கு எட்டு அடிப் பலகையில் எத்தனை துண்டு வரும் என்று வீட்டிலேயே தாளில் போட்டுக்கொண்டு போங்கள். வெட்டிய பலகையைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்,
ஓவன் ரோட்டிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரன்